அப்பாவின் பந்து நோட்டு

அப்பா இறந்த பிறகு அவருடையது என்று எடுத்து வைக்க ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிதான் இருந்தது. அதற்குள் இரண்டு குத்தூசிகள், உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல் உறை, காய்ந்துபோன தேன்மெழுகுக் கட்டி, கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. வீட்டில் எல்லாரும் அதைப் பந்து நோட்டு என்போம். 1952 முதல் 1979 வரை அப்பா தைத்துக்கொடுத்த கால்பந்துகளின் கணக்கு. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது. பேத்திக்கு இரண்டுமே அரைகுறை. போன மாதம் அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இது என்ன தாத்தா?" என்றாள். சொல்ல உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வரிக்கு வரி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் எங்கள் ஆட்கள் பந்தாடிய கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

நோட்டு தமிழில் இருப்பதால் அதைப் பற்றித் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். டர்பனில் இதைப் படிக்க எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறோம் என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை. தமிழ்நாட்டில் யாராவது படித்தால் சரி.

அப்பா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் மாலைத் தமிழ்ப் பள்ளிக்கு நான்கு வருடம் போனவர். வாத்தியார் புள்ளி சொல்லிக்கொடுத்திருப்பார். வைக்க அப்பாவுக்குப் பொறுமை இல்லை. கல்வெட்டு மாதிரி இருக்கும் அவர் எழுத்து: "12-4-58. பாரகஸ டீம. பநது 2. வாய கிழிசல. மழை. 3 ஷி." நான் இங்கே புள்ளி வைத்தே எழுதுகிறேன். இன்னும் ஒரே ஒரு வரியை மட்டும் அவர் எழுதியபடியே விடுவேன். அது கடைசியில் வருகிறது.

அந்த 1958 வரியில் ‘மழை’ ஏன் வந்தது என்று பேத்தி கேட்டாள். பந்துக் கணக்கில் மழைக்கு என்ன வேலை? அதைச் சொல்ல மைதானத்தின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

கரீஸ் ஃபவுண்டன் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இந்தியர்கள் விளையாடும் இடம், அதனால் கறி என்று பெயர் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்பார்கள். ஜோகன்னஸ்பர்க் சம்பந்தி ஒருவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் சொல்லிவிட்டு, சிரிப்பு வருகிறதா என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். கறிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டர்பன் நகரசபையில் இருந்த எச். டபிள்யூ. கரீ என்ற வெள்ளைக்காரரின் பெயர் அது. 1870களின் கடைசியில் நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, பெரீயா மேட்டின் அடிவாரத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவர் நின்றார். வந்தது. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் மணலில் இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிற இடம் அது. 1887இல் உம்பிலோ ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வரைக்கும் டர்பன் நகரம் பெரும்பாலும் இந்த ஊற்றைத்தான் குடித்தது.

குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊற்றை மறந்துவிட்டார்கள். நகரம் மறந்தது என்பதற்காக ஊற்று சுரப்பதை நிறுத்துமா? இடம் சதசதவென்று கிடந்தது. வீடு கட்ட முடியாது, சாலை போடவும் பயன்படாது. பக்கத்தில் 1849இல் அமைத்த தாவரவியல் பூங்கா, கொஞ்சம் தள்ளி கிரேவில் குதிரைப் பந்தயத் திடல். இந்தப் பள்ளம் மட்டும் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. 1920களில் இந்தியர்களின் விளையாட்டு மைதானச் சங்கம் நகரசபையிடமிருந்து அதைக் குத்தகைக்கு வாங்கியது. வேண்டாத இடம் என்பதால்தான் நமக்குக் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். எங்கள் தாத்தாவின் அபிப்பிராயமும் அதுதான், ஆனால் அவர் அதை இன்னும் காரமாகச் சொல்வார்.

தாத்தா கார்ப்பரேஷனில் புல் வெட்டுகிற வேலை பார்த்தவர். வாரத்தில் ஐந்தரை நாள் வெள்ளைக்காரர்கள் ஆடுகிற திடல்களில் புல் வெட்டுவார், உருளை இழுப்பார். பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும் அந்தப் புல்லில் அவர் ஒரு முறைகூட பந்தை உதைத்தது கிடையாது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நேராக கரீஸுக்கு வந்துவிடுவார். அங்கே சம்பளமில்லாத வேலை, கோடு போடுவது. எண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் வரிசையாகத் துளை போட்டு, சுண்ணாம்புத் தூளைக் கொட்டி, இரண்டு முளைக்கு நடுவே கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே டின்னைத் தட்டித் தட்டிக்கொண்டு நடப்பார். மண் ஈரமாக இருந்தால் சுண்ணாம்பு உடனே பிடித்துக்கொள்ளும், காற்றில் பறக்காது. "இந்த மண்ணுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு" என்பார். நடுவட்டம் போட அவருக்குக் கயிறு வேண்டாம். கண்ணாலேயே போடுவார் என்று அப்பா பெருமையடிப்பார். நான் பார்த்த வட்டங்கள் எல்லாம் கொஞ்சம் முட்டைதான்.

மழை என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். இங்கே மழைக்காலம் கோடைதான், அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கால்பந்துப் பருவம் குளிர்காலம். ஆனால் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், ஏப்ரலிலும் செப்டம்பரிலும், இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். அந்த மாதங்களில் மேலே வானத்திலிருந்தும் கீழே ஊற்றிலிருந்தும் தண்ணீர். அக்காலத்துப் பந்து முழுத் தோல். உலர்ந்திருக்கும்போது ஒரு பவுண்டுக்குள் இருக்கும். ஈரத்தில் ஒரு மணி நேரம் உருண்டால் பூசணிக்காய் கனத்துக்கு வந்துவிடும். தையல் நூல் ஊறி, தோல் இழுபட்டு, பந்தின் வாய் கிழியும். அடுத்த ஆட்டத்துக்கு வேறு பந்து கிடையாது. எனவே பந்து எங்கள் வீட்டுக்கு வரும்.

அப்பா ஒரு செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் வெட்டுகிறவராக இருந்தார். பந்து தைப்பது வெள்ளிக்கிழமை இரவு வேலை. எப்படித் தைப்பார் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன். இனிமேல் எழுத ஆள் இருக்காது.

பந்துக்கு 18 தோல் துண்டுகள். மூன்று மூன்றாக ஆறு பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் பக்கத்துப் பட்டைக்குக் குறுக்காக நிற்கும். தைக்கும்போது பந்து உள்பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பியிருக்க வேண்டும், அப்போதுதான் தையல் உள்ளே மறையும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து, விறைப்பாகிற வரை மெழுகு ஏற்றுவார். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. குத்தூசியால் துளை போட்டு, அந்த ஒரே துளைக்குள் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுப்பார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது: ‘ட்ரிக்’. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறு பக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசித் தையல் மட்டும் மிச்சம் என்று ஆனதும், நாடா கோக்கிற வாயின் வழியாக மொத்தப் பந்தையும் வெளிப்பக்கம் பிதுக்கி எடுப்பார். ஈரத்தோலைப் பிதுக்குவது ஆட்டுக்குடலைக் கழுவிப் புரட்டுகிற மாதிரியே இருக்கும். அம்மா அந்த நேரத்தில் சமையலறையை விட்டு வெளியே போய்விடுவாள்.

கஷ்டம் கடைசித் தையலில் இருக்கிறது. பந்து திரும்பிவிட்டது, இனி உள்ளே கை போகாது. வெளியிலிருந்தே, கண்ணுக்குத் தெரியாமல் தைக்க வேண்டும். அப்போது அப்பா விளக்கைப் பார்ப்பதில்லை, பந்தையும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தைப்பார். விரலுக்குத்தான் தெரியும், ஊசி எங்கே நுழைகிறது என்று. அதன் பிறகு காற்றுப்பையான பிளாடரை உள்ளே திணித்து, காற்றடித்து, கழுத்தை மடித்துக் கட்டி, தோல் நாக்குக்கு அடியில் தள்ளி, நாடாவை இழுத்து முடிவார். நாடா முடிச்சு வெளியே துருத்தினால், தலையால் முட்டுகிறவன் நெற்றி கிழியும். எங்கள் பாரக்ஸில் நெற்றியில் குறுக்குக் கோடு உள்ள கிழவர் யாரைப் பார்த்தாலும் அவர் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கடைசியாகப் பந்து முழுவதும் ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் காய்ச்சிய கலவையைப் பூசித் தேய்ப்பார். தண்ணீர் இறங்காமலிருக்க. அது என் வேலை. ஐந்து வயதிலிருந்து. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் கையை மோந்து பார்த்துப் பையன்கள் தள்ளி உட்கார்வார்கள்.

பந்து இருந்தால் ஆட்டமும் இருக்கும், ஆட்டம் நமக்குப் புதிதில்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்திருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. அந்த ஒரு நாளில் இவர்கள் கூத்தும் ஆடினார்கள், பந்தும் ஆடினார்கள். 1903இலேயே தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் அமைந்துவிட்டது. அதே வருடம் சாம் சைனா கோப்பையும் தொடங்கியது. சின்ன வயதில் அந்தப் பெயரைக் கேட்டு ஏதோ சீனாக்காரர் கொடுத்த கோப்பை என்று நினைத்திருந்தேன். அவர் கிம்பர்லி நகரத்து இந்தியர். மாகாணங்கள் ஒன்றோடொன்று மோதும் அந்தக் கோப்பைதான் பல பத்தாண்டுகளுக்கு நம் ஆட்களின் உலகக் கோப்பை. 1921-22இல் டர்பன்காரர் ஆல்பர்ட் கிறிஸ்டபர் இங்கிருந்து ஓர் அணியைக் கப்பலேற்றி இந்தியா முழுக்க ஆடவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார். தாத்தாக்கள் கூலியாக வந்த அதே கடலில் பேரன்கள் பூட்ஸோடு போனார்கள். 1928இல் ஜி. ஆர். நாயுடு மேனிங் ரேஞ்சர்ஸ் அணியைத் தொடங்கினார். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறது.

கரீஸைச் சுற்றி என்னென்ன முளைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக, முதல் ஏஜென்டாக இங்கே வந்தவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமான்காரர். நம் பிள்ளைகள் படிக்க ஒரு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று காசு திரட்டினார். மைதானத்துக்கு அடுத்த மேட்டில் 1929இல் சாஸ்திரி கல்லூரி திறந்தது. பிறகு, கொல்லத்திலிருந்து கூலியாக வந்து வியாபாரத்தில் சம்பாதித்த எம். எல். சுல்தான் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஆக ஒரு ஊற்றைச் சுற்றிப் பள்ளி, கல்லூரி, மைதானம். எங்கள் ஆட்கள் படிக்கவும் விளையாடவும் கூட்டம் போடவும் அந்த ஒரே பள்ளத்துக்குள் இறங்கினார்கள். இதற்கு யாரும் திட்டம் போடவில்லை. வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆப்பிரிக்கர்களுக்கு சோம்ட்சூ சாலைத் திடல், நமக்கு கரீஸ், வெள்ளைக்காரர்களுக்கு மீதி ஊர்.

நோட்டுக்குத் திரும்புகிறேன். 1961 பிப்ரவரியில் ‘ஷி’ மறைந்து ‘ரே’ வருகிறது. ஷில்லிங் போய் ரேண்ட் வந்த மாதம். அதே வருடத்திலிருந்து வரிகள் நெருக்கமாகின்றன. வாரத்துக்கு இரண்டு பந்து என்றிருந்தது ஐந்து, ஆறு என்று ஏறுகிறது. காரணம், 1961இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க சாக்கர் லீக். இந்தியர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர் என்று தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே லீக்கில், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். இனம் பிரித்து வைப்பதே அரசாங்கம் என்றிருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று பேத்திக்கு விளக்க எனக்கு நேரம் பிடித்தது. அவளுடைய வகுப்பில் எல்லாரும் கலந்துதான் உட்கார்கிறார்கள்.

கரீஸில் அந்த ஆட்டங்களுக்கு நான் அப்பா தோளில் உட்கார்ந்து போனேன். மேட்டுப் பக்கம் புல்சரிவில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவித்த வேர்க்கடலையைக் காகிதக் கூம்பில் விற்பார்கள். வாசலில் பீன்ஸ் பன்னி விற்பார்கள்: கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி, மேலே குடைந்தெடுத்த ரொட்டிச்சதை. அதைச் சிந்தாமல் தின்பதற்கு ஒரு கை பழக்கம் வேண்டும். கூட்டத்தில் நின்றபடி பன்னி தின்றவனை நம்பிப் பெண் கொடுக்கலாம் என்பார் என் பெரிய மாமா. அப்பா மட்டும் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். பந்தையே பார்ப்பார். பந்து மேலே எழும்பினால் முகம் சுருங்கும். யாராவது ஓங்கி உதைத்தால் "டேய், மெதுவாடா" என்று தன்னை மறந்து கத்துவார். சுற்றியிருப்பவர்கள் அவர் எந்த அணி என்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பார்கள்.

லீக்கை நேராகத் தடை செய்ய அரசாங்கத்துக்குத் தேவைப்படவில்லை. மைதானத்தைக் கொடுக்காதே என்று நகரசபைகளுக்குச் சொன்னால் போதும். 1963இல் ஜோகன்னஸ்பர்கின் நேட்டால்ஸ்ப்ரூட் மைதானத்தின் கதவைப் பூட்டிவிட்டார்கள். வந்த கூட்டம் வேலி ஏறிக் குதித்து, கோல் கம்பங்களுக்கும் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு ஆட்டத்தை நடத்தியது. அந்தச் செய்தி டர்பனுக்கு வந்தபோது தாத்தாவுக்கு ஒரே ஒரு கவலைதான்: "கோடு யார் போட்டது?" 1965இல் வந்த ஓர் அரசு அறிவிப்பு, ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, பார்வையாளர்களும் இனம் கலந்து உட்காரக் கூடாது என்று கையைக் கட்டியது. 1966க்குள் லீக் மூச்சை விட்டுவிட்டது. நோட்டில் அந்த வருடம் மொத்தம் ஒன்பது வரிதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அப்போதுதான் மாற்றம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு நிலப்பகுதிச் சட்டம் மேகசின் பாரக்ஸைக் காலி செய்ய வைத்தது. எங்களைப் புறநகரான சாட்ஸ்வர்த்தில் குடியேற்றினார்கள். நகரத்துக்குள் நடந்து போய் வந்த மைதானத்துக்கு இனி பஸ். வெள்ளைப் பூச்சு அடித்த ஒரே மாதிரி வீடுகள், வரிசை வரிசையாக. முதல் மாதத்தில் தாத்தா இரண்டு முறை பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பாரக்ஸ் இருந்த இடத்தில் இப்போது நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. பாரக்ஸ் டீம் என்ற பெயர் நோட்டில் 1967க்குப் பிறகு வரவேயில்லை.

1969இல் ஃபெடரேஷன் தொழில்முறை லீக் தொடங்கியதும் பந்துகள் திரும்பி வந்தன. பெரீயா, ஏசஸ் யுனைடெட், வெருலம் சபர்ப்ஸ், மேனிங் ரேஞ்சர்ஸ். நாடா இல்லாத, வால்வு வைத்த புதிய பந்துகளும் அப்போது வந்துவிட்டன. அவை எங்கள் வீட்டுக்கு வராது. பழைய பந்துகளை விடாமல் வைத்திருந்த சின்ன கிளப்புகள்தான் அப்பாவிடம் வந்தன. அவர்களிடம் காசு இருக்காது, கடன் வைப்பார்கள். நோட்டின் பின்பக்கம் முழுக்க அந்தக் கடன்தான்.

1973 மார்ச் மாதம் டர்பனில், விளையாட்டில் இனப்பிரிவினையை எதிர்க்க, தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கவுன்சில் பிறந்தது. சேகோஸ் என்போம். "இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது" என்று அதன் தலைவர்களில் ஒருவரான ஹசன் ஹோவா சொன்னது எங்கள் சுவர்களில் எல்லாம் இருந்தது. செயலாளராக உழைத்தவர் டர்பன்காரரான எம். என். பாதர், டென்னிஸ் ஆள். அப்பாவுக்கு இந்த முழக்கத்தில் பாதி சம்மதம். "சரிதான், ஆனா சனிக்கிழமை ஆட்டம் நடக்கணும்" என்பார். எனக்கும் அவருக்கும் இதில் சண்டை வரும். எனக்குப் பதினாறு வயது, எல்லாம் தெரியும் என்ற வயது. இப்போது எனக்கு அவர் பக்கமும் புரிகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

1974 செப்டம்பர் 25, புதன்கிழமை. ஐந்து நாள் முன்னால்தான் மொசாம்பிக்கில் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் இடைக்கால அரசாங்கம் பதவி ஏற்றிருந்தது. பக்கத்து நாட்டில் போர்த்துகீசியர் ஆட்சி முடிகிறது என்றால் இங்கே என்ன உற்சாகம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தார் அதைக் கொண்டாட கரீஸ் ஃபவுண்டனில் கூட்டம் அறிவித்திருந்தார்கள். நீதித்துறை அமைச்சர் ஜிம்மி க்ரூகர் கூட்டத்துக்குத் தடை போட்டார். தடை என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

நான் கூட்டத்துக்குப் போகவில்லை. பந்து கொடுக்கப் போனேன். வேலை முடிந்த கையோடு, தைத்த பந்து ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டி, மைதானக் காவலாளியிடம் கொடுக்கச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார். வின்டர்ட்டன் வாக் தெருவில் திரும்பியபோதே பாட்டுச் சத்தம் கேட்டது. மைதான வாசலில் போலீஸ், கையில் நாய்கள். நான் என் பொட்டலத்தோடு ஓரமாக நின்றேன். முட்டாள்தனமான யோசனை: காவலாளி உள்ளே இருப்பார், அவரை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால் போய்விடலாம்.

ஒரு நாய் என்னை, இல்லை, என் பொட்டலத்தைப் பார்த்தது. ஆட்டுக்கொழுப்பு அல்லவா! இரண்டு நாள் முன்னால்தான் நானே தேய்த்துப் பூசியிருந்தேன். அது கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. அதே நேரத்தில் கூட்டத்தைக் கலைக்க உத்தரவு வந்திருக்க வேண்டும், எல்லாரும் ஓடினார்கள். ஓடுகிற கூட்டத்தில் பொட்டலம் கைநழுவியது. திரும்பிப் பார்த்தபோது காகிதம் கிழிந்து பந்து சாலையில் உருண்டுகொண்டிருந்தது. யாரோ ஒருவன், ஓடுகிற ஓட்டத்தில், பழக்க தோஷத்தால் அதை இடது காலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு ஓடினான். அருமையான தொடுதல். அதைக் கவனித்துக்கொண்டு நின்ற முட்டாளும் நான்தான். பிறகு நானும் ஓடினேன்.

அந்தக் கூட்டத்தால் வந்த வழக்கு வரலாற்றில் இருக்கிறது. சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி, லெக்கோட்டா உட்பட ஒன்பது பேருக்கு 1976 டிசம்பரில் தண்டனை கிடைத்து, ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். வழக்கு நடந்த மாதங்களில் மூட்லி என்ற பெயரைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "யார் வீட்டுப் பிள்ளையோ" என்பாள். எல்லாரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதானே என்று நான் சொன்னதற்கு ஒரு அடி கிடைத்தது.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடு மாறியது. 1996-97இல் எல்லாரும் சேர்ந்து ஆடிய புதிய பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தை வென்றது யார் தெரியுமா? மேனிங் ரேஞ்சர்ஸ். 1928இல் தொடங்கிய அதே அணி. அன்று சாட்ஸ்வர்த்தில் கார் ஹாரன் சத்தம் விடியும் வரை ஓயவில்லை. அப்பா அப்போது படுக்கையில். "எந்தப் பந்துல ஆடினாங்க?" என்று கேட்டார். 2010 உலகக் கோப்பைக்கு மோசஸ் மபீடா ஸ்டேடியம் கட்டினார்கள். 106 மீட்டர் உயர வளைவு, ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். கரீஸ் ஃபவுண்டன் பள்ளத்தில் இருப்பதால் எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது. பக்கத்தில் போய் நின்றால்தான் உண்டு.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. தாவரவியல் பூங்காவில் முதலில் அந்த ஒற்றை மரத்தைக் காட்டினேன், வுட்ஸ் சைக்காட். உலகத்தில் இந்த இனத்தில் ஆண் மட்டும்தான் கிடைத்திருக்கிறது, பெண் மரத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் அதற்காக என்னைவிட அதிகம் வருத்தப்பட்டாள். பிறகு மைதானம். மேட்டுப் பக்கத்து மூலையில் காலை அழுத்திக் காட்டினேன். செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. "குழாய் உடைஞ்சிருக்கா தாத்தா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் திரும்பவும் அந்த நோட்டை எடுத்தாள். முதல் நாள் விரலை வைத்துக் கேட்ட வரி அங்கேயே இருந்தது. மற்ற வரிகளில் எல்லாம் கிளப் பெயர், பழுது, கூலி என்று மூன்றும் இருக்கும். இதில் கூலி இல்லை. என் அந்த வார ஊதியத்தில் ஒரு ரேண்ட் ஐம்பது சென்ட்டைப் பிடித்துக்கொண்டு புதுத் தோல் வாங்கி, அந்த கிளப்புக்கு வேறு பந்து தைத்துக்கொடுத்தார் அப்பா. மற்றதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நோட்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்:

"25-9-74. பநது 1. போலீஸ நாய. மழை இலலை."